அப்பா வழியிலும் வரும்

மார்பகப் புற்றுநோய் என்றாலே அம்மாவுக்கு இருந்ததா, பாட்டிக்கு இருந்ததா என்றுதான் விசாரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா வழியில் யாருக்கும் இல்லை. அப்பாவின் அக்கா சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார். சின்ன அத்தைக்கு 42 வயதில் மார்பகத்தில் வந்தது. சித்தப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். நான் முதலில் போன மருத்துவமனையில் இவர்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்மாவுக்கு இல்லையே, பயப்படாதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

அத்தைக்குச் சிகிச்சை அளித்த டாக்டர்தான் எங்களை மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த ஆலோசகர் ஒரு தாளில் மூன்று தலைமுறையையும் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு. அப்பாவின் சதுரம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவருடன் பிறந்த மூவருக்கும் கறுப்பு. "நோய் வராதவரும் மரபணு மாற்றத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாம்" என்றார்.

பரிசோதனையை என்னிடம் தொடங்கவில்லை. நோய் வந்தவரிடம் எந்த மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றவர்களிடம் அதையே தேட முடியுமாம். அத்தையின் ரத்தத்தில் தெரிந்துவிட்டது: 13ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ2 மரபணுவில் பிறழ்வு. உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய உதவும் மரபணு அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொருவருக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் இருந்தது. எனக்கும் இருக்கிறது. அண்ணனுக்கு இல்லை.

"என்னால்தானா அம்மா?" என்று அப்பா கேட்டார். உங்களுக்கும் யாரோ கொடுத்ததுதானே அப்பா என்றேன். அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை.

இந்த மாற்றம் உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 69 சதவீதம், சினைப்பையில் 17 சதவீதம் என்று பெரிய ஆய்வு ஒன்று சொல்கிறது. மார்பகத்துக்கு ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுக்கிறேன். சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க நம்பகமான வழி இல்லாததால், 40 வயதைத் தாண்டியதும் சினைப்பையைக் கருக்குழாயோடு சேர்த்து எடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அப்பா ஆண்டுதோறும் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்கிறார்.

சித்தப்பா மகளுக்கு 27 வயது. கல்யாணம் முடியட்டும், பரிசோதனையைப் பிறகு பார்க்கலாம் என்கிறார் சித்தி. மாற்றம் இருந்தால் 25 வயதிலேயே எம்ஆர்ஐ தொடங்கியிருக்க வேண்டும். ஆலோசகரின் எண்ணை அவளிடமே கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொன்னவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அவளிடம் காட்ட வேண்டும்.