மூணு தாள் ஜப்பான் போர்ப்படம்: மரக்கட்டை அச்சா, லித்தோவா (கல்லச்சு)?

கேள்வி (ராயபுரம்):
போர்க்கப்பல், பீரங்கிப் புகை, ராத்திரி வானம். மூணு தாளா இருக்கு, ஒவ்வொண்ணும் சுமார் 36க்கு 24 செ.மீ. அச்சு வகையும் வருஷமும் எப்படிக் கண்டுபிடிக்கிறது? மடிப்புல கிழிசல் இருக்கு. ப்ளைவுட்ல ஒட்டி லேமினேட் பண்ணலாமா?

பதில் 1:
முதல்ல திருப்பிப் பின்பக்கம் பாருங்க. மரக்கட்டை அச்சுல, சாயம் தடவின கட்டை மேல ஈரத்தாளை வெச்சு, பாரென்ங்கிற வட்டத் தேய்ப்பானால முதுகுல அழுத்தித் தேய்ப்பாங்க. அதனால நிறம் பின்பக்கம் ஊறியிருக்கும், தேய்ச்ச சுழியும் தெரியும். அப்புறம் 10 மடங்கு லென்ஸ்ல வானத்தைப் பாருங்க. மேல கறுத்து கீழ மெல்ல வெளுத்தா அது பொகாஷி, கட்டை மேலயே சாயத்தைத் துடைச்சுக் கொண்டு வர்றது. புள்ளி புள்ளியா இருந்தா லித்தோ, இல்ல பிற்கால ஆஃப்செட் நகல்.

பதில் 2:
வருஷம் பெரும்பாலும் ஓரத்து வெள்ளை விளிம்புல, பதிப்பாளர் முகவரியோட இருக்கும். அதுல இருக்கிற மெய்ஜி ஆண்டோட (அப்போதைய ஜப்பான் பேரரசரோட ஆட்சி வருஷக் கணக்கு) 1867 கூட்டுங்க. 27, 28ன்னா 1894, 95 சீனப் போர். 37, 38ன்னா ரஷ்யப் போர். எழுத்துல பத்து கூட்டல் குறி மாதிரி இருக்கும். ஏழு வால் வளைஞ்ச கூட்டல் குறி, எட்டு ஒட்டாத ரெண்டு சாய்கோடு. ராத்திரி வெளிச்சம்னா வரைஞ்சவர் கோபயாஷி கியோசிகாங்கிற ஓவியரா இருக்கலாம், ஆனா கையெழுத்தைப் பார்க்காம முடிவு கட்டாதீங்க.

பதில் 3:
ப்ளைவுட் வேணவே வேணாம். அதுல இருந்து வர்ற அமிலம் தாளைப் பழுப்பாக்கி முறிய வெச்சிடும். லேமினேஷன் சூட்டுல ஒட்டினா திரும்ப உரிக்க முடியாது. செலோடேப், ஃபெவிகாலும் கூடாது. பைண்டிங் கடைப் பசையில பூச்சிக்காக மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலப்பாங்க. அந்தச் செம்பு தாளையே அரிக்கும். அதனால பசையை நீங்களே செய்யுங்க: மைதாவைப் பிசைஞ்சு தண்ணியில அலசி, ரப்பர் மாதிரி நிக்கற க்ளூட்டனை நீக்கி, அந்தத் தண்ணியோட அடியில படியற மாவை மட்டும் எடுங்க. 1 பங்குக்கு 4 பங்கு தண்ணி விட்டு, சிறுதீயில அரை மணி கிண்டுங்க. கிழிசலுக்குப் பின்னால ஜப்பான் டிஷ்யூவை (மெல்லிசான நார்த்தாள்), பசையை மெல்லிசாத் தடவி, அது கெட்டியா இருக்கும்போதே ஒட்டணும். தண்ணி காட்டினா அந்தக் காலத்து அனிலின் (செயற்கைச் சாயம்) சிவப்பும் ஊதாவும் ஓடிடும். தாளை அமிலமில்லாத அட்டையில மேல்விளிம்புல மட்டும் தொங்கவிடுங்க. கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. கடற்காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல நின்னா பூஞ்சை பிடிக்கும், அதனால வெளிச்சுவர்ல மாட்டாதீங்க.

கேட்டவர்:
பின்னாடி சாயம் ஊறியிருக்கு சார். ஆனா வெள்ளை விளிம்பே இல்லையே?

பதில் 2:
ஆல்பத்துல ஒட்டறதுக்காக வெட்டியிருப்பாங்க, சகஜம்தான். வலது மேல்மூலை தலைப்புப் பெட்டியை ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, போர்க்களத்தோட பேரு அதுல இருக்கும்.