ஆடிக் கொடைக்கு முன்னால ஒரு உதவி: ஆட்டம் படத்துல வர மாட்டேங்குது

பாளைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கேமரா பிடிக்க இப்பதான் பழகுதேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கேனான் டிஎஸ்எல்ஆர், அதோட வந்த 18-55 ஜூம் லென்ஸ். வேற எதுவும் கையில இல்ல.

ஆனித் தேரோட்டத்துக்கு திருநெல்வேலி டவுன்ல ரத வீதியில நின்னு நெல்லையப்பர் தேரை எடுத்தேன். ஷட்டரை 1/1000 விநாடிக்கு வச்சா எல்லாம் பளிச்சுன்னு விழுது. ஆனா தேரு நிலையிலயே நிக்குத மாதிரி இருக்கு. அத்தனை பேரு வடம் பிடிச்சு இழுத்தது படத்துல இல்ல. சரின்னு 1/8க்கு இறக்கினா தேரு, ஆளு, பின்னால கட்டடம் எல்லாமே கலங்கிப் போவுது.

ஆடியில எங்க ஊரு சுடலைமாடன் கோயில் கொடை விழா. சாமி கதையைப் பாடி ஆடுத கணியான் கூத்து உண்டு, ராத்திரி முழுக்க நடக்கும். மகுடம்ங்கத் தோல் மேளத்தை அடிக்கத் தொடங்கினதும் நெஞ்சுக்குள்ள ஒரு அதிர்வு வரும் பாத்தீங்களா, தீப்பந்தம் வரும்போது கூட்டமே ஒதுங்கி ஒரு பயம் பரவுமே, அது படத்துல வரணும். ஷட்டர் எவ்வளவு வைக்கணும்? ஃப்ளாஷ் போடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தாமிரபரணிக்கரை:
தம்பி, முதல்ல அந்த 1/8 படத்தைக் கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் பாருங்க. கட்டடத்தோட ஓரம், கரண்டுக் கம்பம், இதெல்லாம் அசையாத பொருள். அதுவும் இழுபட்டிருந்தா அது கை ஆடினது. தேர் ஆடினது இல்ல. கட்டடம் சுத்தமா நின்னு ஆளுங்க மட்டும் இழுபட்டிருந்தாத்தான் அது அசைவு. உங்களுக்கு வந்திருக்கது முதல் வகை. லென்ஸ்ல ஸ்டெபிலைசர் இருந்தா ஆன் பண்ணுங்க. அது கை நடுக்கத்தைக் குறைக்கும், ஆடுத ஆளை நிறுத்தாது. அதுக்கு மேல சுவரு, திண்ணை, கம்பம் எதுலயாவது தோளைச் சாச்சுக்கிடுங்க.

இப்ப தேருக்கு வருவோம். தேரு ஆளு நடக்கதை விட மெதுவாத்தான் போவும். விநாடிக்கு அரை மீட்டர்னு வைங்க. 1/1000ல அது நகருதது அரை மில்லிமீட்டர். 1/15ல பாத்தாலும் மூணு சென்டிமீட்டர்தான். அத்தனை உயரத் தேருல அந்த மூணு சென்டிமீட்டரை யாரு பாப்பா? அதனால தேரு ஓடுததைத் தேர்ல தேடக் கூடாது. ஷட்டரை எவ்வளவு மாத்தினாலும் அங்க கிடைக்காது.

அது இருக்கது வடத்துல. வடம் தொய்வா தரையில கிடக்கும், பின்னால தேர்ச் சக்கரத்துக்குத் தடி போடுதவங்க தயாராவாங்க, ஒரு சத்தம் வரும், அந்த நொடி வடம் விறைச்சு இடுப்பு உயரத்துக்கு எழும்பும். இழுக்கவங்க உடம்பு அத்தனையும் ஒரே பக்கமாச் சாயும், குதிகால் தரையை ஊனும். அந்தச் சாய்வு படத்துல இருந்தா 1/1000ல எடுத்தாலும் தேரு ஓடும். நீங்க தேரையும் கோபுரத்தையும் அண்ணாந்து எடுத்திருப்பீங்கன்னு நினைக்கேன். அதுல கீழ உள்ள பாதி வெட்டுப்பட்டுப் போவும், சேதி முழுக்க அந்தக் கீழ்ப் பாதியிலதான் இருக்கு.

இதையே எதிர்ப் பக்கமாவும் செய்யலாம். ஒரு மாடிக் கைப்பிடிச் சுவர்ல கேமராவை அசையாம வச்சு 1/4ல எடுங்க. தேரு மெதுவாப் போறதால கிட்டத்தட்ட தெளிவா நிக்கும், சுத்தி உள்ள சனம் மட்டும் ஆறு மாதிரி ஓடும். பகல் வெயிலுக்கு 1/4 அவ்வளவு லேசுல கிடைக்காது. உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை வாங்குத வேகம்) 100, எஃப் (லென்ஸ் துவாரம், எண் கூடினா துவாரம் சிறுசு) 16 வச்சாலே ஷட்டர் 1/100 பக்கம் வந்து நிக்கும். வெளிச்சத்தைக் குறைக்குத கறுப்புக் கண்ணாடி, என்டி 8 ஃபில்ட்டர் ஒண்ணு மாட்டினா மூணு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி) குறைஞ்சு 1/12 வரும். வீட்டு நிழல் விழுத பக்கமாப் பாத்து நின்னா இன்னும் இறக்கலாம்.

எதுக்கு இவ்வளவு சொல்லுதேன்னா, ஷட்டர் எவ்வளவுன்னு கேக்கதுக்கு முன்னால, படத்துல எது நிக்கணும், எது ஓடணும்னு நீங்க முடிவு பண்ணிரணும். ஒண்ணாவது நின்னாத்தான் மத்தது ஓடுதது கண்ணுக்குத் தெரியும்.

கல்யாணக் கேமரா:
அண்ணாச்சி பகலைச் சொல்லிட்டாங்க, நான் ராத்திரியைச் சொல்லுதேன். கல்யாணம், சடங்குன்னு நான் எடுக்கது பூரா ராத்திரி வேலைதான்.

கொடைப் பந்தல்ல இப்ப எல்லாமே எல்இடி ஃபோகஸ் லைட்டும் ட்யூப் லைட்டும்தான். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். மலிவான லைட்டு அதுல விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/500 வச்சு வரிசையா எடுத்தீங்கன்னா ஒரு படம் வெளிச்சமா வரும், அடுத்தது மங்கலா வரும், இன்னொண்ணுல குறுக்க ஒரு கறுப்புப் பட்டை ஓடும். கேமரா கெட்டுப் போச்சோன்னு பயப்பட வேண்டாம். 1/100, 1/50, இல்ல அதுக்கும் மெதுவா வச்சா சரியாப் போவும். உங்களுக்கு வேண்டியதும் மெதுவான ஷட்டர்தானே.

எடுத்த எடுப்புலயே 'எம்' மோடுக்கு, அதாவது எல்லாத்தையும் நாமளே வைக்குத மேனுவலுக்குப் போங்க. பின்னால கும்மிருட்டா இருக்கதால கேமரா தன்னால முடிவு பண்ணினா இருட்டையும் வெளுப்பாக்கப் பாக்கும், ஆடுதவர் முகம் வெளுத்துப் போவும். 1/15, எஃப் 4, ஐஎஸ்ஓ 1600ன்னு தொடங்கி, முகத்தைப் பாத்துக் கூட்டிக் குறைச்சுக்கிடுங்க. லென்ஸை 18லயே வச்சு நீங்க கிட்ட போங்க. 55க்கு இழுத்தா எஃப் 5.6 ஆயிரும், வெளிச்சம் பாதியாக் குறைஞ்சிரும்.

ஃப்ளாஷ் போடலாம், ஆனா மெனுவுல 'செகண்ட் கர்ட்டன்'னு இருக்கும், அதுல வச்சுப் போடணும். ஷட்டர் 1/8 திறந்திருக்கும்போது ஆட்டம் கோடாப் பதியும், மூடப்போற நேரத்துல ஃப்ளாஷ் அடிச்சு ஆளை நிறுத்தும். கோடு ஆளுக்குப் பின்னால விழும். சாதாரணமாப் போட்டா முதல்லயே அடிச்சிரும், கோடு முன்னால விழுந்து ஆளு பின்னோக்கி ஆடுத மாதிரி ஆயிரும். பவரை ரெண்டு ஸ்டாப் குறைச்சு வைங்க.

குறுக்குத்துறை:
அக்கா சொன்னது கல்யாணத்துக்குச் சரி. கொடைக்கு ஃப்ளாஷ் வேண்டாம்ங்கது என் பக்கம். பந்த வெளிச்சத்துல ஆடுத சாமி மேல முன்னால இருந்து வெள்ளை வெளிச்சத்தை அடிச்சா தம்பி கேட்ட அந்தப் பயம் மொத்தமும் போயிரும். நிழல்தான் அங்க பாதி விசயம்.

எர்ன்ஸ்ட் ஹாஸ்னு ஆஸ்திரியாவுல பிறந்த ஒரு புகைப்படக்காரர். 1950கள்ல ஸ்பெயின்ல காளைச் சண்டையைக் கலர் ஃபிலிம்ல மெதுவான ஷட்டர் வச்சு எடுத்தாரு. அப்ப இருந்த கோடாக்ரோம் ஃபிலிமோட வேகம் ஏஎஸ்ஏ 10தான், இப்பத்த கணக்குல ஐஎஸ்ஓ 10. இன்னைக்கு நம்ம பழைய கேமராவுலயே 1600 போட முடியுது. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்க. காளைக்கும் ஆளுக்கும் ஓரமே இருக்காது, ஆனாலும் எது கொம்பு, எது துணின்னு சந்தேகம் வராது.

படத்தோட நிறத்தைச் சரிக்கட்டுத ஒயிட் பேலன்ஸை ஆட்டோவுல விடாதீங்க. பந்தத்தோட மஞ்சளைக் 'குறை'ன்னு நினைச்சு அது வெளுக்கப் பாக்கும். டேலைட்ல வச்சிருங்க, நெருப்பு நெருப்பாவே வரும். கேமரா எதையும் மாத்தாம அப்படியே சேமிக்குத ரா ஃபைல்ல எடுத்தா பிறகும் மாத்திக்கிடலாம்.

பாளைக்காரன்:
ரொம்ப நன்றி. கட்டடத்து ஓரத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன், கை ஆடினதுதான். கொடைக்கு முன்னால கை பழகணும்னு வண்ணார்பேட்டையில நின்னு ரோட்டுல போற பைக்கை, கேமராவை அது கூடவே திருப்பி எடுக்குத பேனிங் பண்ணிப் பாக்கேன். பின்னால உள்ள கடை எல்லாம் கோடாயிருது, அது நல்லா இருக்கு. ஆனா பைக்கும் தெளிவா இல்ல. பக்கவாட்டுல இழுபடல, மேலயிருந்து கீழ இழுபட்டிருக்கு.

தாமிரபரணிக்கரை:
மேல கீழ இழுபட்டா அது பட்டனை அமுக்குத விரலு. அமுக்கும்போது கேமரா சேர்ந்து இறங்குது. பட்டனைப் பாதி அமுக்கின நிலையிலயே பைக் கூட வந்துகிட்டு, பைய மீதியை அமுக்குங்க, அமுக்கின பிறகும் நிறுத்தாம பைக் கூடவே திரும்புங்க. முழங்கை ரெண்டும் விலாவுல ஒட்டியிருக்கணும், இடுப்புலயிருந்து திரும்பணும்.

மணிக்கு 40 கிலோமீட்டர்ல போற பைக், 1/30ல ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் போயிரும். அந்த நேரத்துல நீங்களும் அதே அளவு திரும்பியிருக்கணும். உங்களுக்கு நேரா குறுக்க வரும்போதுதான் இது நடக்கும், எதிர வந்தா நடக்காது. முதல்ல 1/60, கை கூடினதும் 1/30. நிறையப் படம் வீணாப் போவும், எல்லாருக்கும் அப்படித்தான்.

வள்ளியூர் காத்து:
பழகதுக்கு எங்க பக்கம் வாங்க. பணகுடி, ராதாபுரம் பக்கம் பூராம் கரண்டு எடுக்குத காத்தாடிதான், ஆடிக் காத்துல நிக்காமச் சுத்தும். 1/500ல எடுத்தா ரிப்பேராகி நிக்குத காத்தாடி மாதிரி இருக்கும். ஒரு சுத்துக்கு எத்தனை விநாடின்னு வாயால எண்ணுங்க. நாலு விநாடின்னா விநாடிக்கு 90 டிகிரி, 1/4ல இறக்கை 22 டிகிரி போவும். அது போதும், இறக்கை விசிறி மாதிரி விரியும், தூணு கம்பீரமா நிக்கும். அண்ணாச்சி சொன்ன நிக்கது, ஓடுதது ரெண்டும் ஒரே படத்துல. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு வாங்க, ஃபில்ட்டர் இல்லாமலே மெதுவான ஷட்டர் கிடைக்கும்.

குறுக்குத்துறை:
கணியான் ஆட்டத்துக்கு வருவோம். குழுவுக்குத் தலைவரான அண்ணாவி பாடுவாரு, ரெண்டு பேரு மகுடம் அடிப்பாங்க, பெண் வேசம் கட்டினவங்க ஆடுவாங்க. மகுடக்காரர்ல தொடங்குங்க. அவரு முகமும் தோளும் பெருசா அசையாது, கை மட்டும் பறக்கும். 1/30ல முகம் தெளிவாவும் கை புகையாவும் வந்திரும். முதல் படமே நல்லா வந்தா உங்களுக்கும் தைரியம் வரும்.

ஆடுதவரை எடுக்க முன்னாடி கேமராவைக் கீழ வச்சிட்டு ஒரு பாட்டு முழுக்கக் கேளுங்க. அடி வேகமாகிப் போயி ஒரு இடத்துல முத்தாய்ப்பு வைக்கும், அப்ப ஆடுதவர் சுத்தி வந்து காலை ஊனி ஒரு கணம் நிப்பாரு. உடம்பு நிக்கும், பாவாடையும் கைத்துணியும் நிக்காது, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும். 1/15ல பிடிக்க வேண்டிய இடம் அது. கண்ணால பாத்து அமுக்கினா பிந்திரும். காதால கேட்டு, முத்தாய்ப்பு விழுததுக்குக் கொஞ்சம் முன்னாலயே அமுக்கணும்.

நிக்குத இடம் ரொம்ப முக்கியம். ஃபோகஸ் லைட்டு இருக்க பக்கம் நின்னா எல்லா முகமும் தட்டையா, ஒரே வெளுப்பா இருக்கும். லைட்டுக்கு எதிர்ப் பக்கம் போங்க. சாம்பிராணிப் புகை இருந்தா அதுக்குள்ள வெளிச்சம் தெரியும், ஆடுதவர் உருவம் ஓரத்துல மட்டும் மின்னும். பிறகு, ஆட்டத்தையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. நடு ராத்திரிக்கு மேல சாமி வேட்டைக்குப் போவும்போது பந்தம் வரும்லா, அப்ப திரும்பி ஒதுங்குத கூட்டத்தைப் பாருங்க. பிள்ளையை இழுத்து அணைச்சுக்கிடுத அம்மாக்காரி முகத்துல பந்த வெளிச்சம் விழுந்து போவும். நீங்க கேட்ட பயம் அங்க இருக்கு.

அம்பை:
போன்ல எடுக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை. நைட் மோடு போடாதீங்க. அது நிறைய படத்தை எடுத்து ஒண்ணா அடுக்கி அசைவை அழிச்சிரும். ப்ரோ மோடுல ஷட்டரை நீங்களே 1/15 வைக்கலாம், போனை எதுலயாவது சாச்சு வச்சுக்கிட்டா போதும்.

பாளைக்காரன்:
மகுடக்காரர்ல தொடங்குங்கன்னு சொன்னது பெரிய உதவி. விரலைப் பைய அமுக்கினதுல பைக் ஒண்ணு ரெண்டு நல்லா விழ ஆரம்பிச்சிருக்கு. இன்னொரு சந்தேகம். சாமியாடும்போது எடுத்தா யாரும் ஏதும் சொல்லுவாங்களா? எங்க ஊருதான், இருந்தாலும் கேமராவோட முன்னால போய் நிக்க ஒரு மாதிரி இருக்கு.

களக்காட்டுக்காரி:
எங்க குடும்பக் கோயில்லயும் கொடை உண்டு தம்பி, அந்த உரிமையில சொல்லுதேன். மதியமே போய் வரி பிரிக்கவங்க, பூசாரி, சாமியாடுதவர் மூணு பேருகிட்டயும் கேட்டிருங்க. சாமி வந்த பிறகு யாருகிட்டயும் கேக்க முடியாது. சில கோயில்ல ஆட்டம் வரைக்கும் எடுக்கலாம்பாங்க, கையைக் கீறி ரத்தம் குடுக்குத கைவெட்டு, படைப்பு நேரத்துல கேமராவை இறக்கச் சொல்லுவாங்க. சொன்னா இறக்கிருங்க. செருப்பு போட்டுக்கிட்டு உள்ள போவாதீங்க. சாமி ஓடுத வழியில நிக்காதீங்க. அவருக்கு நீங்க நிக்கது தெரியாது, பந்தம் வேற கையில இருக்கும்.

அண்ணாவிகிட்ட தனியாப் பேசுங்க. சாயங்காலம் வேசம் கட்டுத இடத்துல எடுக்க அவரு சம்மதிச்சா அதை விட்டுராதீங்க. பெரும்பாலும் ஒரே ஒரு பல்புதான் இருக்கும், கண்ணாடியைப் பாத்து அரிதாரம் பூசிக்கிட்டு இருப்பாங்க. அங்க யாரும் அவசரப்பட மாட்டாங்க, 1/60 தாராளம். ராத்திரி ஆட்டத்துல அதே முகத்தைப் பாக்கும்போது எப்ப திரும்புவாரு, எப்ப நிப்பாருன்னு உங்களுக்கே புரிய ஆரம்பிக்கும். நல்ல படமா நாலஞ்சு பிரிண்ட் போட்டு அவங்ககிட்ட கொண்டு குடுங்க. படம் எடுத்துட்டுப் போறவங்க நிறைய பேரு, திரும்பி வந்து குடுக்கவங்க கம்மி.

பேட்டரி கூடுதலா ஒண்ணு வாங்கி வச்சுக்கிடுங்க. கொடை விடிய விடிய நடக்கும், பொங்கல் பானை இறக்கும்போதும் உங்களுக்குக் கேமரா வேணும்.