பொண்ணு ஹிஸ்டரி ஆனர்ஸ் கேக்குறா, அங்க பாடம் நடக்குமா அரசியல் நடக்குமா?

ஜனக்புரி அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு இங்க டெல்லியில நம்ம தமிழ் ஸ்கூல்லதான் பன்னெண்டாவது முடிச்சா, காலேஜ் நுழைவுத் தேர்வு க்யூட்-ல (CUET) மார்க்கும் பரவால்ல. டெல்லி யுனிவர்சிட்டி (டியு) ஃபார்ம்ல பிரிஃபரன்ஸ் போட உக்காந்தா மேல இருந்து கீழ வரைக்கும் ஹிஸ்டரி ஆனர்ஸ், பி.காம் எங்கயோ கடைசில. எனக்கு ஹிஸ்டரி மேல கோவம் இல்ல. ஆனா ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றாரு, ஆர்ட்ஸ் புரொஃபசர் எல்லாம் ஒரே பக்கம், லெஃப்ட், மூணு வருஷத்துல பொண்ணு வந்து உங்களையே திட்டுவான்னு. இன்னொருத்தர், அதெல்லாம் பழைய கதை சார், இப்ப காத்து அடுத்த பக்கம் அடிக்குதுன்னு. எந்தப் பக்கம் அடிச்சா எனக்கென்ன, பாடம் நடக்குமா நடக்காதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. சண்டை வேண்டாம்.

முனிர்கா மச்சி:
சண்டை வேண்டாம்னு எழுதியாச்சுல்ல, இனிமே கண்டிப்பா வரும்.

எக்ஸெல் ஷீட்:
சார் உங்க பயம் நியாயமானது. இது நேத்து வந்த வியாதி இல்ல. 71-லேர்ந்து 77 வரைக்கும் நூருல் ஹசன் கல்வி அமைச்சர், 72-ல ஐசிஹெச்ஆர்னு வரலாற்று ஆராய்ச்சிக்கு ஒரு அரசு கவுன்சில் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் யார் ஹிஸ்டரி எழுதணும், யார் கமிட்டில உக்காரணும்னு ஒரு வட்டமே முடிவு பண்ணிச்சு. அப்ப யாரும் 'சார்பு'ன்னு கத்தல. நானே இங்கதான் பொலிட்டிக்கல் சயின்ஸ் படிச்சேன், காலேஜ் பேர் வேண்டாம். 91 பொருளாதாரச் சீர்திருத்தம் நல்லதுன்னு ஒரு டுடோரியல் கட்டுரை எழுதினேன், லைப்ரரில உக்காந்து கிடைச்ச புள்ளிவிவரம் எல்லாம் போட்டு. ஓரத்துல சிவப்பு மையில 'ஆதாரம்?'னு ஒரே வார்த்தை, மார்க் பாதி. அடுத்த கட்டுரைல தாராளமயம் ஏழையை நசுக்கிடுச்சுன்னு ஆதாரமே இல்லாம நாலு பக்கம் அடிச்சு விட்டேன், கிளாஸ்லயே ஜாஸ்தி மார்க் எனக்குத்தான். அன்னிக்கு கத்துக்கிட்டதுதான் எனக்கு ஹியூமானிட்டீஸ்: வாத்தியாருக்கு என்ன வேணும்னு மோப்பம் புடிக்கிறது. இப்ப குர்காவ்ல கிளையன்ட்கிட்ட அதைத்தான் பண்றேன், சம்பளமும் வருது.

ஓல்டு ராஜிந்தர் நகர் ரூம்மேட்:
அண்ணே, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சுட்டு இங்க ஐஏஎஸ் கோச்சிங்ல சோஷியாலஜி ஆப்ஷனல் படிச்சிட்டு இருக்கேன். பக்கத்து பெட்டுக்காரன் ஐஐடி, அவன் எடுத்தது ஹிஸ்டரி. டியுல சொற்ப ஃபீஸ்ல மூணு வருஷம் சொல்லித் தர்றதை நாங்க லட்சத்தைக் கொட்டி நோட்ஸா வாங்கி மனப்பாடம் பண்றோம். ஹியூமானிட்டீஸ் வேஸ்ட்னு சொல்ற ஆளுங்களை ஒரு நாள் இந்தத் தெருவுக்கு கூட்டிட்டு வாங்க.

எக்ஸெல் ஷீட்:
தம்பி அது பரீட்சைக்குப் படிக்கிறது. நான் கேக்குறது கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு.

நார்த்கேம்பஸ் வாசி:
கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு கிளாஸ் எடுக்குற நான் சொல்றேன். இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்ல கெஸ்ட் லெக்சரர். ஆனர்ஸ்ல பெண்கள் எழுத்துன்னு ஒரு பேப்பர், அதுல நம்ம தலித் எழுத்தாளர் பாமாவோட சங்கதி நாவல் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல இருந்துச்சு. அதுல மரியம்மா பம்புசெட்டுக்கு தண்ணி குடிக்கப் போவா, நிலத்துக்காரர் கைய புடிச்சு இழுப்பார், அவ தப்பிச்சு ஓடி வந்துடுவா. அவர் முந்திக்கிட்டு ஊர் நாட்டாமைகிட்ட இவ மேலயே பழி சொல்வார், கூட்டம் கூடி அபராதத்தை அவ தலையில கட்டும். ஹரியானா பொண்ணு ஒண்ணு, தமிழ்நாடு மேப்புல எங்க இருக்குன்னு கேட்டா கூட யோசிக்கும், அது எந்திரிச்சு இது எங்க ஊர் காப் பஞ்சாயத்து, அதான் சாதிப் பஞ்சாயத்து மேடம்னுச்சு. பின்னாடி பெஞ்சுல ஒரு பையன், ஊர் ஆம்பளைங்க நிலத்துக்காரரை எதிர்த்தா மொத்த தெருவுக்கும் கூலி வேலை போகும், அவங்களுக்கு வேற என்ன வழின்னான். ஒரு மணி நேரம் அதுங்களே அடிச்சுக்கிச்சு, நான் நடுவுல வாயத் தொறக்கல. எந்தக் கட்சி சார் அது?

2021 ஆகஸ்ட்ல பாமா, கவிஞர் சுகிர்தராணி, வங்காள எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியோட திரௌபதி சிறுகதை மூணையும் யுனிவர்சிட்டியோட மேற்பார்வைக் கமிட்டி தூக்கிடுச்சு. டிபார்ட்மென்ட்ல பாடத்திட்டம் போட்டவங்க சம்மதிக்கல, சிலபஸுக்கு ஒப்புதல் தர்ற அகடமிக் கவுன்சில்ல 15 பேர் எழுத்துல எதிர்ப்பு கொடுத்தாங்க, நடக்கல. வாத்தியாருக்குச் சார்பு இருக்கும், இருக்கட்டும், புத்தகம் கையில இருந்தா ஸ்டூடண்ட் படிச்சுப் பார்த்துட்டு நீங்க சொல்றது தப்புன்னு சொல்ல முடியும். புத்தகமே இல்லன்னா எதை வெச்சு சொல்வா?

எக்ஸெல் ஷீட்:
பாமாவுக்குப் பதிலா பண்டித ரமாபாயை வெச்சாங்கல்ல, அவங்களும் பெண் எழுத்தாளர்தானே. லட்சம் புத்தகத்துல பத்து புத்தகம்தான் சிலபஸ்ல வரும், நீங்க பொறுக்குனா படிப்பு, இன்னொருத்தர் பொறுக்குனா சென்சார்ஷிப்பா?

நார்த்கேம்பஸ் வாசி:
பொறுக்கலாம். காரணம் சொல்லிட்டு, அந்தப் பாடம் தெரிஞ்சவங்க பொறுக்கட்டும். ரமாபாய் மேல எனக்கு என்ன வழக்கு?

மயூர்விகார் டீச்சர்:
ரெண்டு பேரும் காலேஜ்லயே நிக்கறேள், இது ஸ்கூல்லயே ஆரம்பிக்கற விஷயம். நான் சிபிஎஸ்சி-ல பதினொண்ணு பன்னெண்டுக்கு பொலிட்டிக்கல் சயின்ஸ் எடுத்து ரிடையர் ஆனவ. 2012 மே மாசம் ஞாபகம் இருக்கா, பதினொண்ணாம் கிளாஸ் புக்ல சங்கர் 49-ல போட்ட கார்ட்டூன், அரசியல் சட்டம் நத்தை மேல போறது, மேல அம்பேத்கர், பின்னாடி நேரு சாட்டையோட, அதை எடுக்கணும்னு பார்லிமென்ட்ல எழுப்பினது நம்ம திருமாவளவன், மத்தியில இருந்தது காங்கிரஸ் கவர்ன்மென்ட், உடனே வாபஸ், புக்குக்கு ஆலோசகரா இருந்த யோகேந்திர யாதவும் சுஹாஸ் பால்ஷிகரும் ராஜினாமா. அடுத்த மாசமே பன்னெண்டாம் கிளாஸ் புக்ல ஹிந்தி எதிர்ப்புப் போராட்டம் பத்தி ஆர்.கே.லக்ஷ்மண் கார்ட்டூன், அது தமிழ் மாணவர்களைக் கேவலப்படுத்தறதுன்னு கலைஞர் கேட்டார், வைகோ கேட்டார், இந்த டெல்லித் தமிழர்ல பாதி பேர் கை தட்டினா. அன்னிக்கு கை தட்டினவாளே 2021-ல பாமாவை எடுத்துட்டான்னு வருத்தப்படறா, அதனாலதான் எதிர்பக்கத்துக்காரா நம்ம பேச்சை நம்ப மாட்டேங்கறா.

இதையும் சொல்லணும், அம்பேத்கர் கார்ட்டூனை நான் வருஷா வருஷம் நடத்தினேன். ஒரு தலித் பையன் எழுந்து அந்த சாட்டை யார் முதுகைப் பார்த்து இருக்கு மிஸ்னு கேட்டான். சட்டம் லேட்டானதைத்தான் கிண்டல் பண்றதுன்னு புக்குல இருக்கறதைச் சொன்னேன், அவன் ஒத்துக்கல, நானும் விடல, பெல் அடிச்சுடுத்து. படத்தை எடுத்துட்டா அந்தக் கேள்வியும் போச்சு.

முனிர்கா மச்சி:
டீச்சர் சொன்னதோட 2011-ஐயும் சேர்த்துக்கோங்க, அப்பவும் மத்தியில காங்கிரஸ்தான். டியு ஹிஸ்டரி பி.ஏ-ல ஏ.கே.ராமானுஜன் எழுதின முந்நூறு ராமாயணங்கள் கட்டுரை இருந்துச்சு. மைசூர்ல பொறந்த தமிழ்க் குடும்பத்து ஆளு, குறுந்தொகைய இங்கிலீஷ்ல கொண்டு போனவரு. 2008-ல அதை எதிர்த்தவங்க டிபார்ட்மென்ட்டுக்குள்ள பூந்து அடிச்சு நொறுக்குனாங்க, விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் நிபுணர் கமிட்டி போட்டாங்க, நாலு பேர்ல மூணு பேர் கட்டுரை இருக்கலாம்னாங்க, அப்படியும் 2011 அக்டோபர்ல அகடமிக் கவுன்சில் தூக்கிடுச்சு. கட்டுரைல என்ன பாவம்? அகலிகை கதை வால்மீகில ஒரு மாதிரி, கம்பர்ல ஒரு மாதிரின்னு காட்டுறாரு. வால்மீகில அவ கல்லாவே ஆகல, யார் கண்ணுக்கும் தெரியாம சாம்பல்ல கிடப்பா. கம்பர்லதான் கல்லு. நம்ம வீட்டுப் பாட்டிங்க எல்லாம் கம்பரைச் சொன்னவங்கதான், அப்ப அவங்களும் தேசவிரோதியா?

எக்ஸெல் ஷீட்:
பாட்டியை இழுக்காதீங்க. சரி நேராவே கேக்குறேன். 2023 மே-ல டியு பொலிட்டிக்கல் சயின்ஸ் சிலபஸ்லேர்ந்து கவிஞர் இக்பாலை எடுத்தப்ப குதிச்சீங்கள்ல, இத்தனை வருஷமா சாவர்க்கரை ஒரு கிளாஸ்லயாவது உருப்படியா நடத்தி இருப்பீங்களா? திட்டுறதுக்கு மட்டும்தானே அவர் பேர் வரும்?

முனிர்கா மச்சி:
நடத்தி இருக்கேன், ரிசர்ச் பண்ணிக்கிட்டே டுடோரியல் எடுத்தப்ப. 1857 பத்தி சாவர்க்கர் 1909-ல எழுதினதைக் குடுப்பேன், சிப்பாய்க் கலகம்னு வெள்ளைக்காரன் சொன்னதை முதல் சுதந்திரப் போர்னு திருப்பிப் போட்டது அவர்தான், அது பெரிய காரியம்தான். அது கூடவே வரலாற்று ஆசிரியர் ஆர்.சி.மஜும்தார் 1957-ல எழுதினது, அது முதலும் இல்ல, தேசியமும் இல்ல, சுதந்திரப் போரும் இல்லன்னு. மஜும்தாரை லெஃப்ட்னு நீங்க கூட சொல்ல மாட்டீங்க. நம்மூர் பசங்க யாராவது இருந்தா 1806 வேலூர்னு கண்டிப்பா கை தூக்குவான், அப்ப 'முதல்' எதை வெச்சுன்னு மறுபடி ஆரம்பிக்கும். லெஃப்ட் ரைட் கோடு போட்டு இதைப் பிரிச்சுக் காட்டுங்க பாப்போம். இக்பாலும் அப்படித்தான். ஸாரே ஜஹான் ஸே அச்சா எழுதின ஆளு, அவரே 1930 அலகாபாத்ல வடமேற்குல தனி முஸ்லிம் ராஜ்யம்னு பேசுறாரு, இடையில என்ன நடந்துச்சுன்னு தெரியாம பிரிவினைய எப்படிப் புரிஞ்சுக்கறது? பிடிக்காத ஆளைத்தான் முதல்ல படிக்கணும்.

ஜனக்புரி அப்பா:
இந்த 1857 விஷயத்தை பொண்ணுகிட்ட சொன்னேன். வேலூர் எனக்கு முன்னாடியே தெரியும்பா, அது ஸ்கூல்லயே படிச்சாச்சுங்கறா. சரி, இந்த மாதிரி கிளாஸ் எல்லா காலேஜ்லயும் நடக்குமா, இல்ல நல்ல வாத்தியார் மாட்டினாத்தானா?

நார்த்கேம்பஸ் வாசி:
மாட்டினாத்தான், பொய் சொல்ல மாட்டேன். இப்ப இன்னொண்ணும் இருக்கு, பாமா பாடத்தை நடத்தின மாதிரி வேற எதையும் இன்னிக்கு நடத்த எனக்கே யோசனையா இருக்கு. யாராவது போன்ல ரெக்கார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்தை வெட்டிப் போட்டா அடுத்த செமஸ்டர் என்னைக் கூப்பிட மாட்டாங்க, கெஸ்ட்டுக்கு ஏது நோட்டீஸ். பர்மனென்ட் புரொஃபசருங்க பேசுறதை வெச்சு எல்லாரும் ஒரே பக்கம்னு நினைக்கிறீங்க, எங்களை மாதிரி ஆளுங்க பாதி நாள் வெறும் நோட்ஸ் டிக்டேட் பண்ணிட்டு வர்றோம்.

எக்ஸெல் ஷீட்:
மேடம் உங்க வேலை கஷ்டம் புரியுது, நிஜமாவே. ஆனா பயம் உங்களுக்கு மட்டும் இல்ல, பெஞ்சுல உக்காந்தவனுக்கும் இருந்துச்சு. உங்க கிளாஸ்ல அந்தப் பையன் ஊர்க்காரங்க பக்கம் பேசினானே, அவனுக்கு நீங்களே போடுற இன்டர்னல்ல என்ன மார்க்? செமஸ்டர் பேப்பர்ல பேர் தெரியாது, இன்டர்னல்ல எல்லாம் தெரியும்.

நார்த்கேம்பஸ் வாசி:
நல்ல மார்க்தான், நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். இன்டர்னல்ல பேரை மறைச்சாலும் பிரயோஜனம் இல்ல, எனக்கு ஒவ்வொருத்தர் கையெழுத்தும் தெரியும். ஆனா பேப்பரைத் திருப்பிக் குடுத்து எந்த இடத்துல ஏன் மார்க் போச்சுன்னு எழுதணும், அப்பீல் பண்ணா டிபார்ட்மென்ட்ல வேற ஆள் பாக்கணும். உங்களுக்கு ஒரு வார்த்தைல பதில் எழுதினவர் அதைச் செய்யல, அவர் எந்தக் கட்சியா இருந்தாலும் அது சோம்பேறித்தனம்.

எக்ஸெல் ஷீட்:
சோம்பேறித்தனம்னு நீங்க சொல்லலாம், வாங்கினவன் நான். இந்த அப்பீலை எழுத்துல ரூலா கொண்டு வாங்க, சிலபஸ்ல கை வைக்காதேன்னு அப்புறம் உங்க கூட வந்து நானும் சொல்றேன்.

முனிர்கா மச்சி:
மேடமுக்கு அடுத்த செமஸ்டரே உறுதி இல்லையாம், ரூல் கொண்டு வரச் சொல்றாரு. சார் மொதல்ல பழைய ஸ்டூடண்ட்னு போட்டு நீங்களே காலேஜுக்கு ஒரு மெயில் தட்டுங்க.

எக்ஸெல் ஷீட்:
டிராஃப்ட் போட்டுத் தாங்க, அனுப்புறேன்.