ஸ்பெயின் பைன் காடு, ஆறு, ஈரநிலம்: நடக்கும்போது உங்கள் எதிரே வந்தது எது?

ஸ்பெயினில் காட்டு நடை போகிறேன் என்றாலே ஊரிலிருந்து வரும் முதல் கேள்வி, "அங்கே ஓநாய் இருக்காமே?" என்பதுதான். இருக்கிறது. மாட்ரிட்டுக்கு வடக்கே உள்ள குவாதராமா மலைக்கே ஓநாய் திரும்பி வந்துவிட்டது. ஆனால் நான் அதன் வாலைக்கூடப் பார்த்ததில்லை. என்னை நடுவழியில் நிறுத்தியது நாய்.

வல்சாயின் காட்டுக்குக் கீழே, மேய்ச்சல் வெளி தொடங்கும் இடம். வல்சாயின் தெரியாதவர்களுக்கு: மாட்ரிட்டில் இருந்து போனால் மலைக்கு அந்தப் பக்கச் சரிவு, செகோவியா மாகாணம். பெரும்பாலும் ஸ்காட்ஸ் பைன் மரங்கள். அடிமரம் சாம்பல் நிறம், மேலே போகப் போகப் பட்டை ஆரஞ்சு. நடுவே எரெஸ்மா ஆறு ஓடுகிறது. அதன் கரையோடு கருங்கல் பலகை பாவிய ஒரு பாதை, 18-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கார்லோஸ் மன்னர் மீன்பிடிக்கப் போவதற்காகப் போட்டது, இன்றும் பல இடங்களில் அப்படியே கிடக்கிறது. மழை பெய்தால் வழுக்கும், பார்த்துப் போங்கள். தலைக்கு மேலே கறுப்புப் பிணந்தின்னிக் கழுகு சுற்றும், இறக்கையை விரித்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர். இதன் உறவுக்காரக் கழுகுகள் பாறையில் கூடு கட்டும். இது மட்டும் பைன் மர உச்சியில்தான் கட்டும். இத்தனைக்கும் இது மரம் வெட்டி அறுக்கிற காடு, அறுவை ஆலையே ஊருக்குள் இருக்கிறது.

சரி, நாய்க்கு வருகிறேன். ஆட்டு மந்தை ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு மேய்கிறது, இடையர் யாரும் கண்ணில் படவில்லை, நான் ஓரமாகப் போய்விடலாம் என்று நினைக்கும்போதே ஆடுகளுக்கு நடுவில் இன்னொரு ஆடு என்று நான் நினைத்திருந்தது எழுந்து நின்றது. மஸ்தீன். ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்கவென்றே வளர்க்கும் இனம், என் இடுப்பு உயரம். குரைத்த குரைப்பு நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. கைத்தடியை ஓங்கவில்லை, ஓடவில்லை. அதன் கண்ணைப் பார்க்காமல், "சரிடா, போறேன்டா" என்று தமிழிலேயே பேசிக்கொண்டு பின்வாங்கி, சரிவில் இறங்கி, மந்தையைப் பெரிய வட்டமாகச் சுற்றிப் போனேன். அதுவும் எனக்கு இணையாக மேலே நடந்து வந்தது. மந்தையின் எல்லை முடிந்ததும் நின்றுவிட்டது. அவ்வளவுதான், அதன் வேலை முடிந்தது.

மந்தைக்கும் நாய்க்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள். உங்கள் செல்ல நாயைக் கூட்டிப்போனால் ஆபத்து இரட்டிப்பு. இன்னொன்று, இந்த ஊரில் ஆட்டுப் பாதைகளுக்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. 1273-இல் பத்தாம் அல்போன்சோ மன்னர் காலத்தில் மந்தைக்காரர்களின் மெஸ்தா சபைக்கு அரச அங்கீகாரம் கிடைத்தது, இப்போதைய சட்டம் 1995-இல் வந்தது. அந்தப் பாதைகளில் முதல் உரிமை ஆட்டுக்குத்தான், நாம் அப்புறம்.

உங்களுக்கு எதிரே வந்தது எது? எழுதுங்கள்.

———

நாய் பரவாயில்லை அண்ணா, குரைத்துச் சொல்லிவிடுகிறது. நான் பயப்படுவது ஒரு புழுவுக்கு.

அதே செகோவியா மாகாணத்தில், ஆனால் மலையை விட்டுக் கீழே, கோகா ஊர்ப் பக்கம். அங்கே காடு வேறு மாதிரி: சமவெளி, மணல் தரை, பிசின் எடுக்கிற பைன் மரங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும், அடிமரத்தில் பட்டையைச் சீவி, கீழே ஒரு சின்னக் குவளை மாட்டியிருப்பார்கள். வெயில் ஏறினால் காடு முழுக்க டர்பன்டைன் வாசனை. குவளைகளைத் தொடாதீர்கள், அது ஒருவருடைய பிழைப்பு.

குளிர்காலத்தில் அந்த மரங்களின் உச்சியைப் பார்த்தால் வெள்ளைப் பஞ்சுப் பொதி மாதிரி தொங்கும். அழகாக இருக்கிறதே என்று படம் எடுப்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பது புரோசேசியோனாரியா கம்பளிப்பூச்சி. குளிர் முடிகிற நேரத்தில் கூட்டமாக மரத்தை விட்டு இறங்கி, ஒன்றன் வாலை ஒன்று தொட்டபடி நீண்ட வரிசையாகத் தரையில் ஊர்ந்து, மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழு ஆகும். அதன் ரோமம் நம் ஊர்க் கம்பளிப்பூச்சியை விடப் பல மடங்கு மோசம், பூச்சியைத் தொடவே வேண்டாம், காற்றில் பறந்து வந்த ரோமம் பட்டாலே தோல் தடிக்கும், கண்ணில் விழுந்தால் நேராக மருத்துவரிடம்தான். என்னோடு நடந்த ஒருவரின் நாய் அந்த வரிசையை நக்கிவிட்டது. சில நிமிடத்தில் நாக்கு வீங்கி, எச்சில் வழிய ஆரம்பித்தது. தேய்க்காமல் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். பிழைத்தது, ஆனால் நாக்கின் நுனி போய்விட்டது.

அதே காட்டில் மண்ணைக் குத்திக் குத்தி எதையோ தேடிக்கொண்டிருந்த பறவையைப் பார்த்தால், நம் கொண்டலாத்தி! மண்ணுக்குள் புதைந்த அந்தக் கூட்டுப்புழுவைத் தோண்டித் தின்னுமாம். ஊரில் தோட்டத்தில் பார்த்தபோது பெரிதாக மதித்ததில்லை, இங்கே பார்த்ததும் மரியாதை கூடிவிட்டது.

———

நான் சுருக்கமாக. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை வார இறுதியில் காட்டுக்குப் போகிறவர்கள் பாதை முகப்பில் வேட்டை அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். காட்டுப்பன்றி வேட்டை நடக்கும் நாளில் ஆரஞ்சுச் சட்டை போட்டவர்கள் வரிசையாக நிற்பார்கள், குண்டுச் சத்தம் பள்ளத்தாக்கில் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாது. எனக்கு எதிர்ப்பட்டவர் ஒரு தாத்தா. துப்பாக்கியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்றைக்கு மலை எங்களுடையது, நாளைக்கு உன்னுடையது" என்று சிரித்தபடி என்னைத் திருப்பி அனுப்பினார். விவாதம் செய்யத் தோன்றவில்லை.

———

எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே! நான் சரகோசாவில் இருக்கிறேன், கல்லொகாந்தா ஏரியைப் பற்றிச் சொல்கிறேன்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் மொட்டை வெளியில் கிடக்கும் உப்பு ஏரி அது. சரகோசாவும் தெருவேலும் சேருகிற இடம். தண்ணீர் உள்ளே வரும், வெளியே போக வழியில்லை, ஆவியாகித்தான் குறையும், அதனால் உப்பு. கோடையில் போனால் வெறும் வெள்ளைத் தரையைப் பார்த்துவிட்டு "இதற்கா வந்தோம்" என்று திட்டுவீர்கள். நவம்பரில் போங்கள், இல்லையென்றால் பிப்ரவரியில். வட ஐரோப்பாவிலிருந்து வரும் பெருங்கொக்குகள், இங்கே க்ரூயா என்பார்கள், தெற்கே போகும்போதும் திரும்பும்போதும் இறங்குகிற இடம் இதுதான். சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள்.

பகலில் சுற்றிலுமுள்ள வயல்களில் மேயும். பொழுது சாயும்போது, நரி அண்டாமல் இருக்க ஏரியின் ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடியே தூங்க வரும். முதலில் சத்தம்தான் வரும், தொண்டையில் உருட்டுகிற மாதிரி ஒரு கூவல், எங்கிருந்து என்று தேடினால் அடிவானத்தில் கோடு கோடாக. அப்புறம் அந்தக் கோடுகள் நிற்கவே நிற்காது. பெர்ருவேகோ கிராமத்துப் பக்கம் ஏரிக்கரைப் பாதையில் நான் நின்றிருந்தபோது விரல் மரத்து, கேமரா பொத்தானை அழுத்த முடியாமல் போனது, குளிர் அப்படி. பக்கத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டு ஒரு விவசாயியும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விதைத்த கோதுமையைப் பகல் முழுக்கத் தின்ற பறவைகள்தானே என்று கேட்டேன். "ஆமாம், கழுதைங்க" என்கிற மாதிரி ஏதோ சொன்னார், ஆனால் கடைசிக் கூட்டம் இறங்கும்வரை கிளம்பவில்லை.

———

மேலே கொக்கு எழுதியவருக்கு: உங்கள் ஏரி வற்றுவது இயற்கை. லா மாஞ்சாவில் தப்லாஸ் தே தைமியேல் போய்ப் பாருங்கள், வற்ற வைத்த ஈரநிலம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

1973 முதல் தேசியப் பூங்கா. தீவிலிருந்து தீவுக்கு மரப்பாலத்தில் நடக்கலாம், கீழே நாணல், வாத்து, தவளை என்று விளம்பரப் படத்தில் இருக்கும். நான் போன ஆண்டு பாலத்துக்குக் கீழே வெடித்த மண். ஒரு முயல் பாலத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தது, எனக்கு எதிர்ப்பட்ட காட்டுயிர் அன்றைக்கு அது ஒன்றுதான். சுற்றுவட்டாரத்தில் கிணறு தோண்டித் தோண்டிப் பாசனத்துக்கு இறைத்ததில் நிலத்தடி நீர் இறங்கிப்போய், குவாதியானா ஆற்றின் ஊற்றுக்கண்களே 1980-களில் வறண்டன. 2009-இல் இன்னும் கொடுமை, நீரில் ஊறிக் கிடக்க வேண்டிய கரிமண் காய்ந்து பிளந்து, நிலத்துக்கு அடியில் தானாகவே எரியத் தொடங்கியது. ஈரநிலத்தில் தீ! தாகோ ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள், அந்தக் குளிர்காலம் மழையும் கொட்டியது, அணைந்தது.

தெற்கே தொன்யானா தேசியப் பூங்காவிலும் இதே கதைதான். அங்கே பிரச்சினை ஸ்ட்ராபெரித் தோட்டங்களின் சட்டவிரோதக் கிணறுகள், போதாததற்கு வறட்சி வேறு. வற்றாது என்று பெயரெடுத்த சாந்தா ஒலாயா குளம் 2022-இலும் 2023-இலும் அடுத்தடுத்து வற்றியது. கடையில் ஸ்ட்ராபெரியைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குளம்தான் ஞாபகம் வருகிறது, மனைவி திட்டினாலும்.

———

தொன்யானா பேச்சு வந்ததால் கேட்கிறேன், அங்கே யாராவது லின்க்ஸ், அதான் அந்தக் காட்டுப்பூனை, பார்த்தீர்களா?

———

நான் பார்க்கவில்லை. எல் ரொசியோ ஊரில் மணல் தெருவில் குதிரை கட்டுகிற கட்டைகளையும், ஊர் வாசலில் சதுப்புநிலத்தில் பூநாரைகளையும் பார்த்ததோடு சரி. ஆனால் 2002-இல் நூறுகூட இல்லாத லின்க்ஸ், 2023 கணக்கெடுப்பில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்த்து 2,000-ஐத் தாண்டிவிட்டது, அதனால் வாய்ப்பு முன்பை விடக் கூடுதல். தொன்யானாவை விட அந்தூஹார் மலைப்பக்கம் முயன்று பாருங்கள், விடிகாலையில், முயல் நிறைய இருக்கும் இடமாக. முயல்தான் அதன் சாப்பாடு.

———

முதல் பதிவு போட்டவன்தான். கல்லொகாந்தா எழுதியவரே, பிப்ரவரியில் கிளம்பலாம் என்று இருக்கிறேன். கார் இல்லாமல் முடியுமா?

———

கஷ்டம். ஏரிக்கரைக் கிராமங்களுக்குப் பேருந்தை நம்பிப் போக முடியாது, பறவை வருவதோ இருட்டுகிற நேரம், அதற்கு மேல் திரும்ப எதுவும் கிடைக்காது. சரகோசாவிலோ தரோகாவிலோ தங்கிவிட்டு, கார் வைத்திருப்பவர் யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வருகிறேன், பெட்ரோல் பாதிப் பாதி. கையுறை இரண்டு ஜோடி எடுத்து வாருங்கள்.