குடைமிளகாய்க்குள் தண்ணீர் நின்ற கதை

சாதமும் மசாலாவும் அடைத்து ஓவனில் சுட்ட குடைமிளகாய் யாருக்காவது முதல் தடவையே சரியாக வந்திருக்கிறதா? எனக்கு வரவில்லை. அதுவும் நாத்தனார் குடும்பத்தோடு சேர்த்து 9 பேர் சாப்பிட உட்கார்ந்த ராத்திரி பார்த்து வரவில்லை.

எங்களுக்குத் திருச்சி. வீட்டில் 28 லிட்டர் ஓடிஜி, அதாவது மேசை மேல் வைக்கிற மின்சார ஓவன், ஒன்று இருக்கிறது. வாங்கின புதிதில் ரெண்டு கேக், ஒரு தட்டு பிஸ்கட். அப்புறம் அதன் மேல் துணியைப் போர்த்தி, துணி மேல் ஊறுகாய் பாட்டில்களை அடுக்கியாயிற்று. நாத்தனார் வருகிறாள் என்றதும் என் மகள்தான் ஆரம்பித்தாள். "எப்பவும் சப்பாத்தி குருமாதானா? அந்தப் பெட்டியைத் திறம்மா."

சரி என்று காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். காய்க்கார அம்மா ஒரு குடைமிளகாயைக் கவிழ்த்துப் பிடித்து அடியைக் காட்டினார். "நாலு மேடு இருக்கா பாரு, இது பொம்பளைக் காய். மூணு மேடு ஆம்பளை. பொம்பளைக் காய்தான் இனிக்கும்." மகள் பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறவள். ஆட்டோவில் ஏறும் வரை அடக்கிக்கொண்டு, ஏறினதும் சிரித்தாள். "அம்மா, அந்தச் செடியில ஒவ்வொரு பூவுலயும் ஆணும் பெண்ணும் சேர்ந்தேதான் இருக்கும். காய்க்கு ஏது ஆண் பெண்?" வாஸ்தவம்தான். ஆனாலும் நாலு மேட்டுக் காய் மேசையில் நாற்காலி மாதிரி அசையாமல் நின்றது, மூணு மேட்டுக் காய் சாய்ந்து விழுந்தது. காரணம் தப்பாக இருந்தாலும் அந்த அம்மா பொறுக்கிக் கொடுத்தது சரியான காய்.

சமையலில் நான் செய்த தப்புகளை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். காம்போடு மேல்பக்கத்தைச் சீவி, விதையை எடுத்து, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கவிழ்த்து வைக்கவில்லை. சாதம் குழைந்திருந்தது. தக்காளி மசாலாவைச் சுருள வதக்காமல் சாதத்தில் கலந்து, சூட்டோடு காய்க்குள் அமுக்கி, மேலே சீஸ் துருவி, 180 டிகிரியில் 20 நிமிஷம் வைத்தேன். வெளியே எடுத்தபோது பார்க்க அவ்வளவு அழகு. சீஸ் பொன் நிறத்தில் உருகி வழிந்திருந்தது. மகள் போட்டோகூட எடுத்துவிட்டாள்.

தட்டில் வைத்துக் கரண்டியால் அழுத்தினால் காய் வளைகிறதே தவிர வெட்டுப்படவில்லை. இன்னும் பச்சை. கத்தியை எடுத்து வெட்டியதும் ஒரு குட்டிக் குளமே தட்டில் பாய்ந்தது. உள்ளே சாதம் கஞ்சியாகிக் கிடந்தது. நாத்தனார் "நல்லாதான் இருக்கு அண்ணி" என்றாள். அந்த 'தான்' எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அவள் பையன் சீஸை மட்டும் உரித்துத் தின்றான். மாமனார் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துவிட்டு, "மோர் சாதம் இருக்காம்மா?" என்றார். மாமியார்தான் வெளிப்படையாகச் சொன்னார்: "சோறு உள்ளே, காய் வெளியே. தனித்தனியா வச்சிருந்தா ரெண்டையுமே சாப்பிட்டிருக்கலாம்."

எல்லாரும் போன பிறகு மிச்சமிருந்த ஒன்றைப் பிட்டுப் பிட்டுப் பார்த்துக்கொண்டு மாமியார் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, எண்ணெய்க் கத்தரிக்காய்க்குப் பொடியை எப்படி அடைப்போம்? உதிர்ந்த மாதிரிதானே? பாகற்காயை அடைக்கிறதுக்கு முன்னாடி உப்புப் போட்டுப் பிழியறோமா இல்லையா? இதை மட்டும் பச்சையா நிக்க வச்சா அது விடற தண்ணி எங்க போகும்? சுத்தியும் சுவர்தானே!" ஓவன் சமையல் என்றதும் வீட்டில் இத்தனை வருஷமாகச் செய்கிற கைவேலையை நான் மறந்தே போயிருந்தேன். குடைமிளகாயில் 100 கிராமுக்கு 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். கத்தரிக்காயாவது வாணலியில் புரண்டு ஆவியை விட்டுவிடும். இது கிணறு மாதிரி நின்றுகொண்டு எல்லாவற்றையும் உள்ளேயே இறக்கிக்கொள்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்களுக்கு மட்டும் திரும்பச் செய்தேன். இந்தத் தடவை மாமியார் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நடுத்தரக் காய் 6. சீவி, விதையும் வெள்ளை நரம்பும் எடுத்து, உள்சுவரில் உப்பை விரலால் தடவினோம். இட்லிப் பானையில் கவிழ்த்து வைத்து 5 நிமிஷம் ஆவி. நிறம் மாறாமல், அழுத்தினால் லேசாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவு போதும். எடுத்து ஒரு துணி மேல் கவிழ்த்தபடியே கால் மணி நேரம் விட்டோம். துணி நனைந்த நனைவைப் பார்த்ததும்தான் போன வாரக் குளம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

உள்ளே வைக்க: சீரகச் சம்பா சாதம் ஒரு கப், உதிராக வடித்து ஆறவிட்டது. வேகவைத்த உருளைக்கிழங்கு ரெண்டு, பன்னீர் 150 கிராம், கையால் உதிர்த்தது. சோம்பு தாளித்து, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, ரெண்டு தக்காளி. தக்காளியை எண்ணெய் பிரிகிற வரைக்கும் வதக்காமல் விடவே கூடாது. கடைசியில் மாமியார் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலைப் பொடியைத் தூவினார். அதுதான் சூட்சுமம். மிச்ச ஈரத்தை எல்லாம் அது குடித்துவிடுகிறது, தனியாக ருசியும் தெரிவதில்லை.

ஓடிஜியை மேல் கம்பி, கீழ் கம்பி ரெண்டும் போட்டு 200 டிகிரியில் 10 நிமிஷம் சூடாக்கினேன். காய்களின் வெளிப்பக்கம் எண்ணெய் தடவி, ஒன்றை ஒன்று தாங்குகிற மாதிரி நெருக்கி அடுக்கி, மேலே அலுமினியத் தாள் மூடி 25 நிமிஷம். தாளை எடுத்து சீஸ் தூவி இன்னும் 12 நிமிஷம். காயின் தோளில் தோல் சுருங்கி அங்கங்கே கருப்புப் புள்ளி விழுந்தால் ஆயிற்று என்று அர்த்தம். சீஸ் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது; அது காய்க்கு வெகு முன்னாலேயே சிவந்துவிடும்.

மாமனார் ரெண்டு சாப்பிட்டார். மோர் சாதமும் சாப்பிட்டார், அது வேறு விஷயம். நாத்தனார் தீபாவளிக்கு மறுபடி வருகிறாள். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

* * *

அக்கா, எனக்கு ஓசூர்ப் பக்கம். இங்கே பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடில்) கலர் குடைமிளகாய் போடுகிறவர்கள் நிறைய. நானும் ஒரு தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். கோணல் மாணலாக, ஒல்லியாக, ரெண்டு மேட்டோடு வருகிற காயைத் தரம் பிரிக்கும்போது ஒதுக்கிவிடுவோம். அதெல்லாம் வீட்டுக்கு வரும். அதுகளை எப்படி நிறுத்தினாலும் நிற்காது. அடியைச் சீவி நிறுத்தலாம் என்று ஒரு தடவை சீவினேன், ஓட்டை விழுந்து மசாலா எல்லாம் தட்டுக்கு இறங்கிவிட்டது. இப்போது நீளவாக்கில் ரெண்டாக வெட்டிப் படகு மாதிரி படுக்க வைத்துவிடுகிறேன். அதில் தண்ணீர் நிற்காது, சீக்கிரமும் வேகும். நிற்க வைத்தால்தான் அழகு என்று யார் சொன்னது?

இன்னொரு விஷயம். பச்சை வேறு ஜாதி, சிவப்பு வேறு ஜாதி என்று வாங்குகிறவர்கள் பாதிப் பேர் நினைக்கிறார்கள். பச்சை என்பது பழுக்காத காய், அவ்வளவுதான். செடியிலேயே விட்டால் ரகத்தைப் பொறுத்து சிவப்போ மஞ்சளோ ஆகும். அத்தனை நாள் செடியில் காத்திருக்க வேண்டும், அதனால்தான் விலையும் கூட. அடைத்துச் சுட சிவப்பை எடுங்கள், இனிக்கும். பச்சையில் கடைசியில் ஒரு கசப்பு தங்கும். உங்கள் மாமனார் கை வைக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

போன வருஷம் பெங்களூரிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. தட்டை ஓவனுக்குள் தள்ளி 5 நிமிஷம்கூட ஆகவில்லை, கரண்டு போய்விட்டது. இன்வெர்ட்டரில் ஓவன் ஓடுமா? மின்விசிறி ஓடினாலே பெரிசு. அப்பா சத்தம் போடாமல் வெளி அடுப்பில் விறகை வைத்தார். அகலமான மண்சட்டியில் எண்ணெய் தடவி, படகுகளை எல்லாம் மாற்றி, தகர மூடி போட்டு, மூடி மேல் ரெண்டு முறம் தணலைக் கொட்டினார். கீழே நெருப்பை இழுத்துவிட்டு லேசான தணல் மட்டும். அரை மணி நேரம். காயின் ஓரம் கருகி, புகை வாசத்தோடு வந்தது. அக்கா பசங்கள் இப்போது ஓவனில் செய்தால் "தாத்தா செஞ்சது மாதிரி இல்லை" என்கிறார்கள்.

* * *

நான் சென்னையில் தனியாக இருக்கிறவன். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தபோது காட்டிக்கொள்ளலாம் என்று இறங்கினேன். என்னிடம் இருப்பது மைக்ரோவேவும் கன்வெக்‌ஷனும் (ஓவன் மாதிரி சூடான காற்றில் சுடுவது) சேர்ந்த பெட்டி. அலுமினியத் தாளால் மூடி உள்ளே வைத்தேன். அழுத்தியது மைக்ரோவேவ் பட்டன். பட் பட்டென்று நீலப் பொறி! அம்மா "டேய் அணைடா" என்று கத்தியது மூணாவது மாடிக்குக் கேட்டிருக்கும். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தாள் போடுவதாக இருந்தால் எந்த பட்டன் என்று ரெண்டு தடவை பாருங்கள். அன்றைக்கு நாங்கள் தோசை சாப்பிட்டோம்.

* * *

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப ஜெர்மனியில் இருக்கிறேன். எங்கட வீடுகளில் கறிமிளகாய்க்குள் ரின்மீனும் (டின்னில் வருகிற மீன்) உருளைக்கிழங்கும் வைத்து, முட்டையில் தோய்த்து, பாண் (ரொட்டி) தூளில் பிரட்டிப் பொரிப்போம். இல்லாவிட்டால் தேங்காய்ப்பாலில் குழம்பு. அவனில் (ஓவனில்) வைக்கிற பழக்கம் இங்கே வந்த பிறகுதான். இங்கே குடைமிளகாயைப் 'பப்ரிகா' என்பார்கள், காய்க்கும் அதே பேர், தூளுக்கும் அதே பேர். கடையில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் சேர்த்து அரைக்கிலோப் பையாகக் கிடைக்கும். அரைத்த இறைச்சியும் அரிசியும் அடைத்து, தக்காளிச் சாறுக்குள் நிற்க வைத்து வேகவிடுவது இங்கே வீட்டுக்கு வீடு செய்கிற சாப்பாடு.

பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தந்தபோது அரிசியைப் பச்சையாகவே கலக்கச் சொன்னார். இறைச்சியும் காயும் விடுகிற நீரில் அது வெந்து பொங்கும், அதனால் முக்கால்வாசிக்கு மேல் அடைக்காதே என்றும் சொன்னார். நான் எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். அரிசி மட்டும் லேசில் வேகாத எங்கட சிவப்புக் குத்தரிசி! மாமா குடும்பம் வந்திருந்தது. ஒரு மணித்தியாலம் அவனில் இருந்ததை எடுத்துப் பரிமாறினால் மாமா வாயை மூடிக்கொண்டு இருக்கிறார். "என்ன மாமா?" என்றேன். "பல்லுக்குள்ள கல்லு, பிள்ளை." அவ்வளவும் அரிசி. எல்லாருடைய தட்டிலிருந்தும் திருப்பி எடுத்து, கொதிநீரும் தக்காளிச் சாறும் ஊற்றி, மூடி, இன்னும் முக்கால் மணித்தியாலம் வைத்தேன். பசியில் எல்லாரும் பாணும் சம்பலும் சாப்பிட்டு முடிய அது வெந்து வந்தது.

உங்களுக்குத் தண்ணீர் கூடிப் போச்சு, எனக்குப் போதாமல் போச்சு. வேகாத அரிசி வைக்கிறவர்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். சோறு வைக்கிறவர்கள் காயை முதலே ஆவியில் வைத்து வடியவிடுவதுதான் சரி. கிரேக்கர்களும் வேகாத அரிசிதான் வைக்கிறவர்கள். தக்காளிச் சதையும் ஒலிவ் எண்ணெயும் நிறைய விட்டு, காய்கள் சரியாமல் இருக்க இடையிடையே உருளைக்கிழங்குத் துண்டுகளைச் செருகிவிடுவார்கள். அந்த உருளைக்கிழங்குக்குத்தான் எங்கட வீட்டில் சண்டை.

* * *

அடடா, உருளைக்கிழங்கைச் செருகுவது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்றை ஒன்று முட்டுக்கொடுத்து நிறுத்தினபோதும் ஒரு காய் சாயத்தான் செய்தது.

ஓசூர்த் தம்பி, நீங்கள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். தணல், தகர மூடி என்று வந்ததும் "இதைத்தான் நாங்க அந்தக் காலத்துல கேக்குக்குப் பண்ணுவோம்" என்றார். நான் இங்கே தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும்போதே பரண் மேலிருந்து மண்சட்டியை இறக்கச் சொல்லி மாமனாரை ஸ்டூலில் ஏற்றியாயிற்று. ஓடிஜி மேல் ஊறுகாய் பாட்டில் மறுபடி ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.