ஃபுல்லரீனைக் கண்ணாடியில் பிணைக்க எந்தக் கரிமசிலிக்கான் வழி ஏற்றது?

முதுகலை மாணவி:
வணக்கம். என் ஆய்வுத்திட்டத்துக்காக, 60 கார்பன் அணுக்களாலான கூண்டு வடிவ ஃபுல்லரீனாகிய சி60-ஐக் கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய படலமாக நிலைநிறுத்த முயல்கிறேன். டொலுயீனில் கரைத்த அழகிய ஊதாநிறக் கரைசலைத் தகட்டில் பூசினால், கரைப்பான் உலர்ந்ததும் அது பழுப்புத் திட்டுகளாகத் திரண்டு, பஞ்சால் துடைத்தாலே வந்துவிடுகிறது. சிலிக்கானைக் கொண்ட டைசிலிரேன் வினையைப் பற்றியும் டிரைஎதாக்சிசிலில் தொகுதியைப் பற்றியும் படித்தேன். இவ்விரண்டும் ஒரே பயனுக்கானவையா?

ஆய்வக மூத்தவர்:
இல்லை, தங்கை. சிலிக்கான் எங்கே அமர்கிறது என்பதில்தான் வேறுபாடு உள்ளது. ஜப்பானில் அகசாகா, ஆண்டோ குழுவினர் 1993-இல் காட்டிய வினையில், இறுக்கம் மிகுந்த மூவணு வளையமான டைசிலிரேன் ஒளியின் துணையோடு கூண்டின் மீது நேரடியாகச் சேர்கிறது. சி60 இயல்பாகவே எலக்ட்ரானை விரும்பி ஏற்கும் மூலக்கூறு. சிலிக்கான் தன் பங்குக்கு எலக்ட்ரானைக் கூண்டின் பக்கம் தள்ளுவதால், அந்த ஏற்கும் திறன் சற்றுக் குறைகிறது. மின்னணுப் பண்பைத் திருத்த இது நல்ல வழிதான்; ஆனால் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும் கை அதில் இல்லை. உங்களுக்குத் தேவை, நீங்கள் படித்த டிரைஎதாக்சிசிலில் போன்ற தொகுதியைக் கொண்ட ஆல்காக்சிசிலேன். அதன் ஆல்காக்சித் தொகுதிகள் நீரால் பகுக்கப்பட்டுச் சிலனாலாக (சிலிக்கானில் ஹைட்ராக்சில் அமர்ந்த வடிவம்) மாறி, கண்ணாடிப் பரப்பின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு நீரை வெளியேற்றி இணைந்து, சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் பிணைப்பைத் தருகின்றன.

பொருளறிவியல் ஆய்வாளர்:
ஓர் எச்சரிக்கை. ஒரு முனையில் அமீனும் மறுமுனையில் ஆல்காக்சித் தொகுதிகளும் கொண்ட அமினோசிலேனாகிய அமினோபுரொப்பைல் டிரைஎதாக்சிசிலேனைச் சி60-உடன் குடுவையிலேயே கலந்தால், அமீன் கூண்டின் 30 இரட்டைப் பிணைப்புகளில் ஒன்றோடு நின்றுவிடாது. பல இடங்களில் சேர்ந்து, பிரிக்கவே முடியாத கலவையைத் தரும். நான் அப்படிச் செய்து, மூடியைச் சரியாக இறுக்காமல் இரவு விட்டுச் சென்றேன். காலையில் குடுவையின் கழுத்தில் பழுப்புக் களி ஒட்டியிருந்தது, எந்தக் கரைப்பானிலும் அது கரையவில்லை. ஈரம் புகுந்து சிலேன்கள் தமக்குள்ளேயே பிணைந்துவிட்டன.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். மிர்கின் குழுவினர் 1993-இல் அமினோசிலேனை முதலில் ஆக்சைடு பரப்பில் பிணைத்து, பிறகுதான் சி60 கரைசலில் அதை வைத்தார்கள். அமீன் பரப்பில் கட்டுண்டு நிற்பதால், சிக்கல் பெரிதும் தவிர்க்கப்படுகிறது.

சூரிய மின்கல ஆர்வலர்:
திட்டம் மின்கலத்தின் பக்கம் திரும்பினால், மூன்றாவது வழியும் உண்டு. டோக்கியோவில் மட்சுவோ, நகமுரா குழுவினர் சிலில்மெத்தில் கிரிக்னார்டு வினைப்பொருளைப் (மெக்னீசியம் கொண்ட கரிமச் சேர்மம்) பயன்படுத்தி, சிலிக்கானுக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு மெத்திலீனை (CH2) வைத்தார்கள். அவ்வாறு இரு சிலில்மெத்தில் கைகள் பெற்ற ஃபுல்லரீன், 2009-இல் கரைசலாகப் பூசிச் செய்த கரிம மின்கலம் ஒன்றில் 5.2 விழுக்காடு திறனைத் தந்தது. பருமனான சிலில் கைகள் கரைதிறனைக் கூட்டுவது இதன் பெரிய நன்மை.

முதுகலை மாணவி:
மூவருக்கும் நன்றி. தகட்டை முதலில் அமினோசிலேனால் பதப்படுத்தி, பிறகு உலர்ந்த டொலுயீனில் சி60-உடன் சூடாக்குகிறேன். உண்மையிலேயே பிணைந்ததா என்பதை எப்படி உறுதிசெய்வது?

ஆய்வக மூத்தவர்:
தகட்டைப் புதிய டொலுயீனில் மீயொலிக் குளியலில் கழுவிக்கொண்டே இருங்கள். கழுவுநீர்மத்தில் 335 நானோமீட்டர் அருகே சி60-இன் உறிஞ்சல் முற்றிலும் மறைந்த பிறகும், தகட்டில் புறஊதா உறிஞ்சல் மிஞ்சுகிறதா என்று, அமினோசிலேன் மட்டும் பூசிய தகட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.