மைலேஜ் லிமிட்: ‘ஓட்ட வரம்பு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மாதாமாதம் பணம் கட்டி ஓட்டிவிட்டுக் கடைசியில் திருப்பிக் கொடுக்கும் கார் லீஸில், வண்டி இத்தனை கிலோமீட்டர்தான் ஓடலாம் என்று போடுவது ‘மைலேஜ் லிமிட்’. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நமக்குள் பேச்சு நடக்கிறது. அதைத் தாண்டினால் கட்டும் பணத்துக்கு ‘அபராதம்’, ‘மிகையோட்டம்’ என்ற சொற்களும் வந்தன. லிமிட்டுக்குத் ‘தொலைவெல்லை’ என்று நம்மில் ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். அழகான சொல்தான். ஆனால் எங்கள் பக்கம் எல்லை என்றாலே பெர்மிட் ஞாபகம் வரும். நாகூர் தாண்டிக் காரைக்காலுக்குள் ஓட்டக்கூடாதோ என்று கேட்பார்கள்.

‘மைலேஜ்’ அப்படியே இருக்கட்டும் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. நமக்கு மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான். ஒப்பந்தத்தை என் மைத்துனரும் அப்படித்தான் படித்தார். மூன்று வருஷ லீஸ், வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர். அவருக்குக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினம் போய்வரவே 80 கிலோமீட்டர். வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று மீட்டரில் 71,800. அதில் 45,000 போக 26,800. கிலோமீட்டருக்கு 4 ரூபாய் வீதம் 1,07,200 ரூபாய் கேட்டார்கள். “மாசாமாசம் ஒழுங்காத்தானே கட்டினேன், எதுக்கு அபராதம்?” என்று பில்லைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதனால்தான் ‘அபராதம்’ வேண்டாம் என்கிறேன். தப்புக்குக் கட்டுவது அபராதம். இங்கே வாங்குவது தேய்மானத்தின் விலை. இத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டி கடைசியில் என்ன விலைக்குப் போகும் என்று முன்னாடியே மதித்துத்தான் மாதத் தொகையைப் போடுகிறார்கள். கூட ஓடினால் அந்த விலை இறங்கும், அதை ஈடுகட்டவே இந்தப் பணம். ஆகவே ‘கூடுதல் ஓட்டக் கட்டணம்’. ‘மிகையோட்டம்’ என்றால் ஓட்டியவர் மேல் குற்றம் சொல்வதுபோல் காதில் விழுகிறது.

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பதே “எவ்வளவு ஓடியிருக்கு?” என்றுதான். சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. எனவே ‘ஓட்ட வரம்பு’. டாக்ஸியில் சொல்லும் ‘ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் மினிமம்’ கீழ்க்கணக்கு. லீஸில் இருப்பது மேல்கணக்கு. வரம்பு என்னும்போது அது தெளிவாகிவிடும், வயல் வரப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தனியாக விளக்கவே வேண்டாம்.

‘லீஸ்’ என்பதும் குழப்பும். லீஸுக்கு வீடு என்றால் மொத்தமாகக் கொடுத்த பணம் காலிசெய்யும்போது திரும்பி வரும். கார் லீஸில் மாதாமாதம் கட்டியது கட்டியதுதான். குத்தகை நெல் அளப்பது மாதிரி. ‘வாகனக் குத்தகை’ என்றே எழுதலாம்.

வரம்புக்குள் ஓடாமல் மிஞ்சும் கிலோமீட்டருக்குப் பெரும்பாலும் காசு திரும்பாது. அதற்கு ‘மிச்ச ஓட்டம்’ போதுமா, வேறு நல்ல சொல் உண்டா? சொல்லுங்கள்.